42 வயதில் டிகிரி சேர்ந்தேன், 9 வாரத்தில் 4 தடவை படுத்துவிட்டேன். இது எப்போது நிற்கும்?

மூன்றாம்வரிசை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு 42 வயது. பதினேழு வருடம் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஆறு வருடம் ஒரு சின்ன அறையில் நானும் இன்னொருவரும் மட்டும்தான். வருடத்துக்கு ஒரு தடவை சளி பிடித்தாலே அதிகம். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதே கிடையாது, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். மகளுக்கு பதினாறு, மகனுக்கு பதினொன்று. இருபது வயதில் விட்டுப்போன படிப்பை இந்த வருடம்தான் பிடித்திருக்கிறேன். புள்ளியியல், முழுநேரம்.

வகுப்பு தொடங்கி ஒன்பது வாரம் ஆகிறது. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை தொண்டை கரகரவென்று ஆரம்பித்தது, பிறகு மூக்கடைப்பு, இருமல். கொஞ்சம் தேறினேன். நாலாவது வாரம் புதன்கிழமை மறுபடி இருமல், தலைபாரம். ஆறாவது வாரம் திங்கட்கிழமை காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. இப்போது எட்டாவது வாரத்திலிருந்து திரும்பவும் இருமல். இரவில் படுத்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 180 பேர் உட்காரும் அரங்கு, ஜன்னல் எதுவும் திறக்காது. நான் எப்போதும் மூன்றாவது வரிசை, நடு இருக்கை. நிகழ்தகவு வகுப்பு. தொண்டைக்குள் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அடக்கினேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் முடியவில்லை. ஆறு பேர் முழங்காலை மடக்கி வழிவிட, பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினேன். படிக்கட்டில் உட்கார்ந்து இருமித் தீர்த்தேன். உள்ளே பேராசிரியர் பேய்ஸ் தேற்றத்தைத் தொடங்கியிருந்தார். கதவு மூடியிருந்ததால் வார்த்தை கேட்கவில்லை, குரல் ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. இருபது வருடம் காத்திருந்து இங்கே வந்தேன், இப்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியதும் அழுதுவிட்டேன்.

துறையில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் "வயசாகிவிட்டது, இவரால் முடியாது" என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். விட்ட பாடத்தை இரவில் உட்கார்ந்து பிடிக்கிறேன், படுக்க ஒன்றரை இரண்டு ஆகிவிடும், காலையில் ஆறு மணிக்கு எழ வேண்டும். ஆறாவது வாரக் காய்ச்சலுக்கு, மகளுக்கு முன்பு எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் நாலு மாத்திரையைப் போட்டேன். பெரிதாகக் கேட்கவில்லை.

என்னைப் போல வயதாகிப் படிக்க வந்தவர்கள் யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா? இது தானாக நிற்குமா, இல்லை என் உடம்பில்தான் ஏதாவது கோளாறா?

---

ஐம்பதில்அரிச்சுவடி:

தங்கச்சி, நான் 51-ல் சேர்ந்து 55-ல் முடித்தவன். முதல் பருவத்தில் எனக்கும் இதே கதைதான். தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து பருவத்தேர்வு வரைக்கும் கைக்குட்டை இல்லாமல் நான் வெளியே போன நாளே கிடையாது. இரண்டாவது பருவத்தில் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் படுத்தேன். ஆகவே நிற்கும்.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்துவிடக் கூடாது. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, தினமும் மாத்திரை போடுகிறவன். மூக்கடைப்பு தாங்காமல், சளிக்கு என்று பொதுவாக விற்கும் மாத்திரையை நானே வாங்கி ஒரு வாரம் விழுங்கினேன். தலை கிறுகிறுத்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அளந்து பார்த்தால் 170-க்கு மேல். மூக்கடைப்பைத் திறக்கப் போடும் சூடோஎபிட்ரின், ஃபெனைலெஃப்ரின் மாதிரியான மருந்துகள் ரத்தக் குழாயைச் சுருக்குகிறவை, அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது என்று அப்போதுதான் டாக்டர் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் போடுகிற மாத்திரை நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. நம் வயதில் ஏற்கெனவே ஏதாவது ஒரு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். மருந்துக் கடையில் அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

துறையில் சொல்வதைப் பற்றி: நானும் மறைத்தேன். முப்பது வருடம் வேலை பார்த்த பழக்கம், உடம்பு முடியாவிட்டாலும் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. கடைசியில் ஒரு அசைன்மென்ட் தேதி தவறி, அதற்குப் பிறகு போய் நின்றேன். "முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரு வாரம் கொடுத்திருப்பேனே" என்றார். தேதிக்கு முதல் நாள் கேட்பதும் மறுநாள் கேட்பதும் ஒன்றில்லை. முதல் நாள் கேட்டால் அது விண்ணப்பம். மறுநாள் போனால் என்ன காரணம் சொன்னாலும் சாக்கு மாதிரிதான் கேட்கும். இரண்டாம் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டேன். படிப்பு முடிய ஒரு வருடம் கூடியது. அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

---

பச்சைக்குடை:

தினமும் வைட்டமின் சி மாத்திரை போடுங்கள். நான் போடுகிறேன், சளி எட்டிப் பார்ப்பதில்லை. நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடிகளும் கிடைக்கின்றன.

---

இரவுப்பணிச்செவிலி:

அக்கா, நான் செவிலியர், 15 வருட அனுபவம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர மேற்படிப்பும் படிக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். நீங்கள் நாள், வாரம் எல்லாம் இவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பதால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

நீங்கள் நாலு தடவை படுக்கவில்லை. என் கணக்குப்படி இரண்டு தடவைதான்.

முதல் சளி இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை. "மறுபடி" இருமல் வந்தது நாலாவது வாரம் புதன்கிழமை. இடையில் பன்னிரண்டு நாள். சளி பிடித்தால் மூக்கு ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும், ஆனால் இருமல் அவ்வளவு சீக்கிரம் போகாது. இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ஒரு கணக்கு வெளியானது. சாதாரண இருமல் சராசரியாக ஏறக்குறைய 18 நாள் நீடிக்கிறது. மக்களிடம் கேட்டால் 7 முதல் 9 நாளில் போய்விடும் என்று சொல்கிறார்கள். நடுவில் உள்ள அந்தப் பத்து நாளில்தான் எல்லோரும் "திரும்ப வந்துவிட்டது" என்று பயந்து ஆன்டிபயாட்டிக் தேடிப் போகிறார்கள். ஆறாவது வாரத்தில் வந்தது வேறு. திடீர்க் காய்ச்சல், உடம்புவலி, மூன்று நாள் எழ முடியவில்லை என்றால் அது ஃப்ளூ மாதிரி இருக்கிறது. எட்டாவது வாரத்து இருமல் அதன் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு வருடத்துக்கு சராசரியாக 2 அல்லது 3 சளி வருவது வழக்கம். சளி பிடிக்க வைக்கும் வைரஸ் வகைகள் 200-க்கும் மேல், அதில் ரைனோவைரஸ் மட்டுமே 150-க்கும் அதிகமான வகை. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவுவதில்லை. ஆறு வருடம் ஒரே அறையில் ஒரே ஆளோடு இருந்தவர் நீங்கள். இப்போது எங்கெங்கிருந்தோ வந்த 180 பேரோடு, ஜன்னல் திறக்காத அரங்கில், வாரத்துக்கு இத்தனை மணி நேரம். சின்னக் குழந்தையை முதல்முதலாக விளையாட்டுப் பள்ளியில் விட்டதும் மாதாமாதம் மூக்கு ஒழுகுமே, அதே விஷயம்தான். உங்கள் வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. முதல் வருடம் சேர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் இப்படித்தான் வரிசையாக விழுகிறார்கள்.

ஆனால் உங்கள் தூக்கம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் நாலு மணி நேரம். 2015-ல் 164 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு வாரம் அவர்கள் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று மணிக்கட்டில் கருவி கட்டி அளந்துவிட்டு, மூக்கில் ரைனோவைரஸ் சொட்டு விட்டு, தனியாக வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே வைரஸ். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. விட்ட பாடத்தைப் பிடிக்கத் தூக்கத்தை விடுகிறீர்கள், தூக்கம் விட்டதால் அடுத்த பாடமும் போகிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும், அது தூக்கத்தில்தான் முடியும்.

மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் போட்டது தப்பு அக்கா, நேராகவே சொல்லிவிடுகிறேன். வைரஸுக்கு அது வேலை செய்யாது. வயிற்றைக் கெடுக்கும், கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடும், பிறகு உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கேட்காது. வீட்டில் மிச்சம் இருந்தால் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: சளி மாத்திரை, சூடான பானத்தில் கலக்கும் பொடி, காய்ச்சல் மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுதான் உச்ச எல்லை. எடை குறைவானவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பச்சைக்குடை சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் சி-யைத் தினமும் போட்டாலும் பொதுவாக மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் சீக்கிரம் சரியாகிறது, அவ்வளவுதான். பத்து நாள் சளியில் ஒரு நாள்கூட மிச்சமாகாது. பொடிகளில் காசைப் போடாதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும், அதனால் ஃப்ளூ பரவும் பருவம் தொடங்கும் முன்பே போட்டால் நல்லது. கையை சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு பரவும் சமயத்தில் ஆல்கஹால் ஜெல்லை மட்டும் நம்பாதீர்கள், நோரோவைரஸ் அதற்குப் பெரிதாக மசிவதில்லை. அரங்கில் நடு இருக்கையை விட்டு கதவோர இருக்கைக்கு மாறுங்கள். கொஞ்சம் காற்றும் வரும், இருமல் வந்தால் ஆறு பேரைத் தாண்ட வேண்டியதும் இல்லை. கூட்டம் நெருக்கும் வாரங்களில் மாஸ்க் போட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

இதையெல்லாம் தாண்டி, 42 வயதுப் பெண் களைப்பாக இருக்கிறேன் என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் நான் விடமாட்டேன். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு, சர்க்கரை. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா? ஃபெரிட்டினை மட்டும் காய்ச்சல், சளி இருக்கும்போது பார்க்காதீர்கள், உடம்பில் அழற்சி இருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும். தேறி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால், கழுத்து விறைத்துக் காய்ச்சலோடு வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

---

கடைசிபெஞ்சு:

அக்கா, எனக்கு 19 வயது, நானும் முதல் வருடம்தான், வேறு துறை. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் பார்த்து யாரும் "வயசாகிவிட்டது" என்று நினைப்பதில்லை. எங்கள் வகுப்பிலும் உங்கள் வயதில் ஓர் அக்கா இருக்கிறார், முழு நோட்ஸ் அவரிடம்தான் கிடைக்கும். அவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் நாங்கள்தான் தவித்துப்போகிறோம். அந்தப் பையன் திரும்பிப் பார்த்தது உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பார்க்கக்கூட இருக்கலாம்.

நாங்களும் விழுகிறோம் அக்கா. நான் போன மாதம் காய்ச்சலோடு வருகைப்பதிவுக்காகப் போய் உட்கார்ந்தேன். அந்த வாரமே என் அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது, அதில் ஒருவனுக்கு ஆஸ்துமா. அவன் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினான். அதற்குப் பிறகு நான் காய்ச்சலோடு வகுப்புக்குப் போவதில்லை. எங்கள் வகுப்பில் ஏழு பேர் ஒரு குழு வைத்திருக்கிறோம், யார் வராவிட்டாலும் அன்று சாயங்காலமே நோட்ஸைப் படம் எடுத்துப் போட்டுவிடுவோம். நீங்களும் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்க மாட்டீர்களா என்று அவர்களே காத்திருப்பார்கள்.

---

மூன்றாம்வரிசை:

எல்லோருக்கும் மனசார நன்றி. செவிலித் தங்கச்சி, "இரண்டு தடவைதான்" என்று படித்ததும் நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் படிப்பதே புள்ளியியல், ஒன்றோடொன்று தொடர்புள்ள நிகழ்வுகளைத் தனித்தனியாக எண்ணியிருக்கிறேன். வீட்டிலும் பையன் பள்ளியிலிருந்து கொண்டுவருவது இருக்கிறதே, அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது வாரத்தில் இரண்டு என்பது பயப்படும் கணக்கு இல்லை.

மாதவிலக்கு அதிகம்தான், மூன்று வருடமாக. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம்: ஃபெரிட்டின் குறைந்தால் சளி அடிக்கடி பிடிக்குமா?

---

இரவுப்பணிச்செவிலி:

இரும்புச்சத்து குறைந்ததால்தான் சளி வந்தது என்று சொல்ல மாட்டேன் அக்கா. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சளி விட்ட பிறகும் எழுந்திருக்க மனசு வராத களைப்பு, படித்தது மண்டையில் ஏறாதது, இதெல்லாம் அதனால் இருக்கலாம். சளி ஒரு வாரம்தான், ஆனால் தேறி வர மூன்று வாரம் ஆகிறது என்றால் அந்த மீதி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வருட மாதவிலக்கையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது தாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

---

மூன்றாம்வரிசை (ஐந்து வாரம் கழித்து):

கேட்டுவிட்டுக் காணாமல் போகக்கூடாது என்று எழுதுகிறேன்.

இருமல் ஒன்பதாவது வாரக் கடைசியில் நின்றது. மூன்று வாரம் விட்டு ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 11.1, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 8. பதினைந்துக்குக் கீழே இருந்தாலே சேமிப்பு காலி என்று அர்த்தம் என்றார் டாக்டர். இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்திருக்கிறார். மூன்று மாதத்துக்குக் குறையாமல் போட வேண்டும், ரத்த அளவு ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது, சேமிப்பு நிரம்ப வேண்டும் என்றார். அதிகப் போக்குக்குக் காரணம் பார்க்க ஸ்கேன் எழுதியிருக்கிறார். மாத்திரை தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டாம் மாடி வகுப்புக்கு நடுவில் நிற்காமல் ஏறினேன் நேற்று.

துறையில் போய்ச் சொன்னேன். அரை மணி நேரம் கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதை நாலு வரியில் எழுதிக்கொண்டு போனேன்: எந்தெந்த நாள் வரவில்லை, எந்த அசைன்மென்ட்டுக்கு எத்தனை நாள் கூடுதலாக வேண்டும், டாக்டர் சான்று இதோ. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு அசைன்மென்ட்டுக்கு எட்டு நாள் கொடுத்தார்கள். வயதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறோம், உடம்பு முடியாதவர்கள் கேட்டால் தருவோம் என்று அவர்களே சொன்னார்கள். ஒன்பது வாரமாக அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தப் புதன்கிழமைப் பதிவை வாங்கிக் கேட்டேன். 23-வது நிமிடத்தில் என் இருமல் கேட்கிறது. பிறகு இருக்கைகள் மடங்கும் சத்தம், கதவு. பேராசிரியர் கொஞ்சம் நிறுத்துகிறார். கதவு மூடியதும், கடைசியாகச் சொன்ன வரியைத் திரும்ப ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பேய்ஸ் தேற்றத்துக்குப் போகிறார். அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டிக் கேட்டேன்.

கடைசிபெஞ்சுத் தம்பி, திரும்பிப் பார்த்த பையனிடம் பேசினேன். அவன்தான் அன்று என் பையை எடுத்துக் கொண்டுவந்து படிக்கட்டில் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவன் என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது. அழுதுகொண்டிருந்ததில் நான் கவனிக்கவில்லை. இப்போது நாங்கள் ஐந்து பேர் நோட்ஸ் மாற்றிக்கொள்கிறோம். கதவோர இருக்கையில்தான் உட்காருகிறேன், பெயரை மட்டும் மாற்றவில்லை.

பதினொரு மணிக்கு மேல் புத்தகத்தைத் திறப்பதில்லை. மகள்தான் காவல். விளக்கை அணைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள், மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.